தோளில் இருந்த கை

எங்கள் வீட்டுக்கு இரண்டு வாசனைதான் தெரியும். காலையில் பவுடர் வாசனை, சாயங்காலம் மருந்து வாசனை. மருந்து என்றால் ஆஸ்பத்திரி மருந்து இல்லை, பட்டாசுக்குள் அடைக்கிற மருந்து. அப்பா தாயில்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைத்தார். அம்மா அதே கம்பெனியில் குழாய்க்குத் தாள் ஒட்டினாள். காலையில் கம்பெனி பஸ் வரும்போது பெண்கள் எல்லாரும் பளிச்சென்று நிற்பார்கள். முகத்தில் பவுடர், தலையில் பூ. சாயங்காலம் அதே பஸ் திரும்பி வரும்போது கந்தக நெடி முதலில் இறங்கும், ஆட்கள் பிறகு இறங்குவார்கள். எத்தனை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் அது போகாது. அது நாற்றம் என்றே எனக்கு வெகுநாள் தெரியாது. பள்ளிக்கூடத்தில் வேறு ஊர்ப் பிள்ளை ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைப் பொத்தினாள், அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

நான் அந்தப் பஸ்ஸில் ஏறவில்லை. பள்ளிப் படிப்பை முடித்து, கம்ப்யூட்டர் கிளாஸ் போய், சிவகாசியில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் டிசைன் செய்கிற வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. எங்கள் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். அந்த அறையில் ஏசி உண்டு. கம்ப்யூட்டர் சூடாகிவிடக் கூடாது என்று போட்டது, எங்களுக்காகப் போட்டதில்லை. இருந்தாலும் குளிர் எங்கள் மேலும் படத்தான் செய்தது. இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று சேர்ந்த வாரமே முடிவு செய்துவிட்டேன். வேறு பெரிய ஆசை என்று எனக்கு எதுவும் இருந்ததில்லை.

செண்டு ஆர்டர் கொண்டு வந்தவர் விருதுநகரில் அத்தர் வியாபாரம் செய்கிற ஒரு பாய். அவர்கள் வீட்டில் தலைமுறையாக அதுதான் தொழில். இந்தக் காலத்துப் பிள்ளைகள் குப்பியில் பஞ்சைத் தொட்டுக் காதில் வைத்துக்கொள்வதில்லை, டிவியில் காட்டுகிற மாதிரி புஸ்ஸென்று அடிக்கிற பாட்டில்தான் கேட்கிறார்கள் என்று அவரும் பாட்டிலுக்கு இறங்கிவிட்டார். ஜென்ட்ஸ் ஒன்று, லேடீஸ் ஒன்று. இரண்டுக்கும் லேபிள், அட்டைப்பெட்டி, கடையில் தொங்கவிடப் போஸ்டர். சாம்பிள் பாட்டில்கள் இரண்டையும் என் மேஜையில் வைத்தார். நான் இரண்டையும் மாற்றி மாற்றி மோந்து பார்த்தேன்.

“பாய், ரெண்டும் ஒண்ணு மாதிரில்ல இருக்கு?”

“ஒண்ணுதாம்மா. ஒரே டிரம்முல இருந்து ஊத்துறதுதான். வாசனைக்கு ஆம்பளை ஏது, பொம்பளை ஏது? பாட்டிலுக்குத்தான். அந்த வித்தியாசத்த நீதான் போட்டுத் தரணும்.”

போட்டுத் தந்தேன். ஜென்ட்ஸ் பெட்டி கறுப்பு, அதில் ஒரு குதிரை, பின்னால் மின்னல். லேடீஸ் பெட்டி ரோஸ் கலர், மேலே ஒரு நிலா. வாசகங்களைப் பாயே எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஜென்ட்ஸுக்கு ‘முன்னால் நடப்பவருக்கு.’ லேடீஸுக்கு ‘அவர் திரும்பிப் பார்க்க.’ டைப் செய்துகொண்டே எனக்குள் சிரித்தேன். அவர் பாட்டுக்கு முன்னால் போகிறார், அவள் பின்னால் நின்றுகொண்டு எப்போது திரும்புவார் என்று பார்க்கிறாள், இரண்டு பாட்டிலையும் பக்கத்தில் வைத்தால் ஒரே ரோட்டுக் கதை. அப்போதெல்லாம் டிவியிலும் இதுதான். ஆண் செண்டு அடித்தால் எங்கெங்கோ இருந்து பெண்கள் ஓடி வருவார்கள். பெண் அடித்தால் ஒரே ஒரு ஆள், அதுவும் புருஷன், ஆபீஸிலிருந்து சீக்கிரம் வருவான். தன் மூக்குக்குப் பிடிக்கிறது என்பதற்காகச் செண்டு போட்ட பெண்ணை நான் ஒரு விளம்பரத்திலும் பார்க்கவில்லை. கந்தக நெடியை மறைக்கப் போட்டவளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

படத்துக்கு யாரை வைப்பது என்பதில்தான் சிக்கல் வந்தது. வழக்கமாக வெளிநாட்டுப் படங்கள் உள்ள சி.டி.யிலிருந்து ஆட்களை வெட்டி எடுத்து ஒட்டிவிடுவோம். பாய் பார்த்ததும் வேண்டாம் என்று தலையாட்டினார்.

“இந்த வெள்ளைக்காரியக் கொண்டுபோய் மல்லாங்கிணத்துக் கடைக்காரன்ட்ட குடுத்தா தொங்க விடுவானா? நம்ம ஊரு முகமா இருக்கணும்மா.”

மாடல் கூப்பிட்டு வருகிற அளவுக்கு அது பெரிய ஆர்டர் இல்லை. எங்கள் முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்போம். அவர் அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். கண் என் மேல் வந்து நின்றது.

“ஏன் தாயி, நீயே நில்லேன். பாதி முகந்தான் தெரியப்போகுது. மீதியக் கம்ப்யூட்டர்ல நீயே மாத்திக்கோ. ஒங்க அம்மாவுக்கே அடையாளம் தெரியாது.”

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கும் ஆசை இருந்தது, இல்லை என்றால் பொய். அடுத்தவர்கள் முகத்தையே நாள் முழுக்க வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவளுக்கு, தன் முகம் அச்சில் எப்படி வரும் என்று பார்க்கத் தோன்றாதா.

ஜென்ட்ஸ் படத்துக்கு எங்கள் பிரஸ்ஸில் மெஷின் ஓட்டுகிறவர் ஒருவரைப் பிடித்தார்கள். உயரமான ஆள், நல்ல மீசை. நான் அவரை அண்ணே என்று கூப்பிடுவேன். பிரஸ் மொட்டை மாடியில் நீலப் படுதா கட்டிப் போட்டோக்காரர் எடுத்தார். முதலில் நான். கையில் பிளாஸ்டிக் ரோஜாவைக் கொடுத்து முகரச் சொன்னார்.

“கண்ண மூடும்மா. அவரு வர்றாருன்னு நெனச்சுக்கோ.”

எவர் என்று கேட்க முடியவில்லை. அன்றைக்குக் கொண்டுபோயிருந்த புளிச்சோற்றை நினைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். பிரமாதம் என்றார்.

அடுத்து மெஷின்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பாய்க்குத் திருப்தி இல்லை. “வெறிச்சுன்னு இருக்கே. தோள்ல ஒரு லேடீஸ் கை இருந்தா எடுப்பா இருக்கும். டிவியில அப்படித்தான வருது,” என்றார். அங்கே இருந்த லேடீஸ் கை என்னுடையது ஒன்றுதான். நான் அவருக்குப் பின்னால் மறைந்து நின்று வலது கையை மட்டும் அவர் தோளில் வைத்தேன். அண்ணே என்று கூப்பிடுகிற ஆளின் தோளில் கையை வைக்க எனக்குக் கூச்சம். அவருக்கு என்னைவிடக் கூச்சம். சட்டையில் மை வாடையும் மண்ணெண்ணெய் வாடையும் அடித்தது. “வெரசா எடுங்க, மெஷினு நிக்குது,” என்று போட்டோக்காரரை அவசரப்படுத்திக்கொண்டே இருந்தார்.

பிறகு பாய் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சொல்லச் சொல்ல என்னை நானே மாற்றினேன். நிறத்தை வெளுத்தேன். முடியை நீட்டினேன். உதட்டைச் சிவப்பாக்கினேன். மெஷின்காரர் படத்தில் ஒன்றும் தொடச் சொல்லவில்லை. “ஆம்பளைக்குக் கறுப்புதாம்மா எடுப்பு, அப்படியே இருக்கட்டும்,” என்றார். பாய் கெட்டவர் இல்லை. விற்கிறதைத்தான் சொன்னார்.

செண்டு வெளியே வந்ததும் மெஷின்காரருக்கு யோகம்தான். டீக்கடையில் அவரை ஹீரோ என்று கூப்பிட்டார்கள். அவருடைய அம்மா போஸ்டரை வாங்கிப்போய் வீட்டுக் கதவில் ஒட்டினார். என்னை யாருக்கும் தெரியவில்லை. தெரியக் கூடாது என்றுதானே அவ்வளவு மாற்றியிருந்தேன். ஆனால் ஒரு பாட்டிலைப் பைக்குள் வைத்துக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டியதும் அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “ஏ பிள்ள, இது நீதான,” என்றாள். பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, “ஒங்கப்பாட்ட காட்டிராத,” என்று திருப்பிக் கொடுத்தாள்.

அதனால் லேடீஸ் பாட்டிலை வீட்டில் வைக்க முடியவில்லை. ஜென்ட்ஸ் பாட்டிலைத்தான் கொண்டுபோய் வைத்தேன். அம்மா கம்பெனியிலிருந்து வந்து குளித்துவிட்டு அதைத்தான் கழுத்தில் அடித்துக்கொண்டாள். “நல்லாத்தான இருக்கு, மருந்து வாடைய அமுக்கிருது,” என்பாள். குதிரையும் மின்னலும் போட்ட பாட்டில். அது ஆம்பளைச் செண்டு என்று தெருவில் ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை.

அந்த வருடம் எனக்குச் சாத்தூரிலிருந்து மாப்பிள்ளை வந்தார். தீப்பெட்டிக் கம்பெனி ஆபீஸில் லோடு அனுப்புகிற வேலை. பெண் பார்க்க அவரோடு அவருடைய அம்மாவும் தங்கச்சியும் வந்தார்கள். தங்கச்சிக்கு என்னை மிகவும் பிடித்துவிட்டது. என் போட்டோ ஒன்றைக் கேட்டு வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். பேச்சு வாக்கில் மாப்பிள்ளை எல்லார் முன்னாலும் சொன்னார்.

“கல்யாணத்துக்குப் பொறவும் அவுக வேலைக்குப் போகட்டும். சாத்தூர்ல இருந்து சிவகாசிக்கு பஸ்ஸு இருக்குல்ல.”

அவர் முகத்தை நான் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பேச்சுக்கே சரி என்று தலையாட்டினேன். கல்யாணம் ஆகிற பெண்ணுக்கு எங்கள் பக்கத்தில் முதலில் போகிறது வேலைதான். என் நாற்காலி தப்பித்தது என்று அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தேன். சந்தோஷம் என்று சொல்லத்தக்கதாக எனக்கு நினைவில் இருக்கிறது அது ஒன்றுதான்.

பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைப் போய்ப் பார்ப்பது அடுத்த வழக்கம். பேச்சு உறுதியாகிற வரை அந்த வீட்டில் தண்ணீருக்கு மேல் எதுவும் வாங்கக் கூடாது. உறுதி என்றால் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கை நனைத்துவிட்டார்கள் என்று சொன்னால் அதற்குப் பிறகு மாற்றுப் பேச்சு இல்லை. அப்பாவும் அம்மாவும் கை நனைக்கத்தான் கிளம்பினார்கள். அம்மா பட்டுச்சேலை கட்டி, கழுத்தில் ஜென்ட்ஸ் செண்டு அடித்துக்கொண்டு போனாள். பெண் கூடப் போகிற வழக்கமில்லை. நடந்தது எல்லாம் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பல தடவை சொல்லிவிட்டாள், ஒரு தடவைகூட ஒரு வார்த்தை மாறவில்லை.

இந்த இடத்தில் எங்கள் ஊர்த் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு வேலையை அச்சுக்கு ஏற்றினால் கலர் சரியாக வருகிற வரை கொஞ்சம் தாள் வீணாகத்தான் ஓடும். அதற்குப் புதுத்தாள் போட மாட்டார்கள். பழைய வீண் தாளையே திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். ஒரு தாளில் முருகன் காலண்டர் மேல் ஊறுகாய் லேபிள், அதன் மேல் பட்டாசுப் பெட்டி என்று எல்லாம் ஏறிக் கிடக்கும். அந்தத் தாள் எடைக்குப் போய், அங்கிருந்து வீடுகளுக்குப் போகும். பிள்ளைகளின் புத்தகத்துக்கு அட்டை, அலமாரிக்கு விரிப்பு, வடைக்கு மடிப்பு எல்லாம் அதுதான். சாத்தூர் வரைக்கும் எந்த அடுப்படித் தட்டைப் பார்த்தாலும் பிரஸ் தாள்தான் விரித்திருக்கும். என்ன படம் என்று ஒருத்தரும் பார்ப்பதில்லை.

அம்மா பார்த்தாள். இலை போடுகிறார்களே, ஒரு கை உதவலாம் என்று அடுப்படிக்குள் போனவள் உப்பு ஜாடிக்குக் கீழே என்னைப் பார்த்தாள். செண்டுப் போஸ்டர்த் தாள். வரிசையாக நான், கண்ணை மூடி ரோஜாவை முகர்ந்துகொண்டு. அதன் மேல் ஒரு பட்டாசு லேபிள் ஏறியிருந்ததால் ஒவ்வொரு தலையிலும் ஒரு பூச்சட்டிப் புஸ்வாணம் பூத்துக்கொண்டிருந்தது. அவர்கள் வீட்டில் அது எத்தனை நாளாகக் கிடந்ததோ. தினமும் புழங்குகிற மாப்பிள்ளையின் அம்மாவுக்கு அது வெறும் விரிப்பு.

பேசாமல் வெளியே வந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அம்மாவுக்குப் படபடவென்று வந்துவிட்டது. ஜாடிகளைத் தள்ளிவைத்துவிட்டுத் தாளை மறுபக்கம் புரட்டப் பார்த்தாள். அந்த நேரம் மாப்பிள்ளையின் அம்மா உள்ளே வந்தார்.

“என்ன மதினி தேடுறீக?”

“ஒண்ணுமில்ல மதினி. எறும்பு ஓடுச்சு. அதான்.”

எறும்பு என்று கேட்டால் எந்தப் பொம்பளை சும்மா இருப்பாள். “நீங்க ஏன் செய்றீக, தள்ளுங்க,” என்று அந்த அம்மா ஜாடிகளை இறக்கிவைத்து, தாளை மொத்தமாக உருவி, கொல்லைப்பக்கம் கொண்டுபோய் வெயிலில் விரித்து உதறினார். வெயிலில் தாள் முழுக்கத் தெரிந்தது. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்ற தங்கச்சிதான் முதலில் பார்த்தாள். அவள் மேல் தப்பில்லை, உள்ளபடியே சந்தோஷப்பட்டுச் சொன்னாள்.

“யம்மா, இங்கன பாரு. மதினி மாதிரியே இருக்காக.”

என் போட்டோவைக் கைப்பையிலிருந்து எடுத்துவந்து தாளில் வைத்துப் பார்த்தார்கள். வெளுத்த நிறம், நீட்டிய முடி எல்லாவற்றையும் தாண்டித் தாடை ஒன்றாக இருந்தது. முற்றத்தில் இலை போட்டு, உப்பும் வைத்திருந்தார்கள். அப்பா வேட்டியை மடித்துக்கொண்டு உட்காரப் போனவர் நின்றுவிட்டார். அவருக்கு அதுவரை ஒன்றும் தெரியாது.

“கம்ப்யூட்டர் வேலைன்னுதான மதினி சொன்னீக?” என்றார் அந்த அம்மா. சத்தம் போடவில்லை. “நாளைக்கு இத எங்க ஊரு டீக்கடையில தொங்க விடுவான். நாலு பேரு மோந்து பாத்துட்டுப் போவான். எம் மகன் அந்த வழியாத்தான ஆபீஸ் போகணும்.”

மாப்பிள்ளை அங்கேதான் நின்றாராம். வாயைத் திறக்கவில்லையாம். அப்பாவும் அம்மாவும் கை நனைக்காமல் கிளம்பி வந்தார்கள். போட்ட இலை போட்டபடி கிடந்ததாக அம்மா ஒவ்வொரு தடவையும் சொல்வாள்.

வீட்டுக்கு வந்து அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். திட்டுவார் என்று நின்றேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். அவர் என்னைப் பார்க்காமல் ஒன்றே ஒன்று கேட்டார்.

“கண்ண எதுக்குத்தா மூடுன?”

புளிச்சோறு என்று சொல்ல முடியுமா. திறந்து வைத்திருந்தால் மட்டும் கை நனைத்திருப்பார்களா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. அதற்குப் பிறகு அப்பா அதைப் பற்றிப் பேசவே இல்லை. வேலையை விடச் சொல்வார் என்று நினைத்தேன், அதையும் சொல்லவில்லை. மருந்தில்லாத இடத்தில் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது என்பது அவருக்கும் பெரிய விஷயம்தான்.

நான் அழுவேன் என்று அம்மா அன்றைக்குப் பூராவும் என் பக்கத்திலேயே இருந்தாள். அழுகை வரவில்லை. சாத்தூரிலிருந்து ஒரு போன் வரும், பஸ் இருக்கிறது என்று சொன்ன ஆள் இன்னும் ஒரு வார்த்தை சொல்வார் என்று கொஞ்ச நாள் பிரஸ் போன் அடிக்கும்போதெல்லாம் காது அங்கே போகும். வரவில்லை. அதற்கும் அழுகை வரவில்லை. ஊசி போட்ட பிறகு பல் இருக்கிற இடம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. தொட்டால் தொடுவது தெரியும், வலி தெரியாது. சாப்பிட்டேன், தூங்கினேன், வேலைக்குப் போனேன்.

செண்டு நன்றாக ஓடியது. அதிலும் லேடீஸ்தான் கூட ஓடியது. பாய் அடுத்த ஆர்டருக்கு வந்தபோது அண்ணாச்சி விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். பாய் என் மேஜைப் பக்கம் வந்தார். “எனக்கும் பொம்பளைப் பிள்ளைக இருக்கும்மா,” என்றார். முகத்தை மாற்றிவிடலாமா என்று கேட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. “ஓடுற லேபிளத் தொடக் கூடாதும்மா. கடைக்காரன் டூப்ளிகேட்டுன்னு சொல்லிருவான்,” என்றார். பிறகு என் முகத்தை நானே இன்னொரு தடவை அச்சுப் பிளேட்டுக்கு அனுப்பினேன். அடுத்தடுத்து வந்த இரண்டு மூன்று இடங்களும் எப்படியோ விசாரித்துத் தெரிந்துகொண்டு நின்றுபோயின. செண்டுப் பிள்ளை என்று எனக்கு ஊரில் பெயர் விழுந்துவிட்டது. மெஷின்காரரை ஹீரோ என்றவர்களும் அவர்கள்தான்.

சில வருடம் கழிந்தது. சாத்தூர் மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகி, அந்தப் பெண் வீட்டோடு இருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். ஒரு நாள் மெஷின்காரர் கையைத் துடைத்துக்கொண்டே ஏசி அறைக்குள் வந்தார். அவருக்குக் கல்யாணம் முடிவாகியிருந்தது. பத்திரிகை அடிக்க வேண்டும் என்று ஒரு தாளை நீட்டினார். பெண் வீட்டு விலாசத்தைப் படித்தேன். எனக்கு மனப்பாடமான விலாசம். என் போட்டோவைக் கைப்பையில் வைத்திருந்த தங்கச்சிதான் பெண்.

“அம்மா பேசி முடிச்சாக பிள்ள,” என்றார் அவர். “அந்தச் செண்டுப் பெட்டியப் பாத்துட்டு அவுகளாத்தான் ஆள் அனுப்பிக் கேட்டுருக்காக.”

“நல்லதுண்ணே,” என்றேன்.

அப்போது பிளெக்ஸ் வந்து புதிது. கல்யாணம் என்றால் மண்டப வாசலில் ஆள் உயரத்துக்கு மாப்பிள்ளை படம் நிற்க வேண்டும். அதைத் தேர்வு செய்யச் சாத்தூரிலிருந்து அந்த அம்மாவும் மகளும் பிரஸ்ஸுக்கே வந்துவிட்டார்கள். அண்ணாச்சி என் அறைக்குக் கூட்டிவந்து விட்டுப் போனார். அந்த அம்மா என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

“இங்கனதான் இன்னமும் இருக்கியா தாயி?”

“இங்கனதான் இருக்கேன்.”

“அம்மா சொகமா இருக்காகளா?”

“இருக்காக.”

மகள் ஓரமாக நின்று, “நல்லா இருக்கீகளாக்கா,” என்றாள். மதினி என்று கூப்பிட்ட வாய். அவளுக்குக் கண் கலங்கியது போல இருந்தது. நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். உட்காரச் சொல்லி ஸ்டூல் எடுத்துப் போட்டேன். மெஷின்காரர் கதவுப் பக்கம் நின்றார்.

“செண்டுப் பெட்டியில மாப்பிள்ளை நிக்காகள்ல, அதே படத்தப் போட்டுரு தாயி,” என்றார் அந்த அம்மா. “எம்புட்டு லட்சணமா இருக்காக. எங்க சொந்தத்துல எல்லாரும் அதத்தான் கேக்காக.”

டீக்கடையில் தொங்குகிற படம், நாலு பேர் மோந்து பார்த்துவிட்டுப் போகிற பெட்டி. எனக்கு அது நினைவு வந்தது. கோபம் வரும் என்று ஒரு நொடி காத்திருந்தேன், வரவில்லை. பழைய பைலைத் தேடித் திறந்தேன். மெஷின்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மின்னல், குதிரை, தோளில் கை. பிளெக்ஸ் அளவுக்குப் பெரிதாக்கியதும் கை நன்றாகத் தெரிந்தது. நகம், விரல், மணிக்கட்டில் ஒற்றைக் கவரிங் வளையல்.

“யாரு கை இது?” என்று மகள் மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

அவர் தரையைப் பார்த்தார். “யாரு கையும் இல்ல. கம்ப்யூட்டர்ல ஒட்டுனது,” என்றார்.

என்னைக் காப்பாற்றச் சொன்னாரா, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னாரா, அது அன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. இரண்டுக்கும் ஒரே பதில்தான் போல.

“ஆம்பளப் பிள்ளைக்கு என்ன, எந்தக் கை இருந்தா என்ன,” என்றார் அந்த அம்மா. “ஆனாலும் மண்டப வாசல்ல வைக்கிறது. பக்கத்துல நம்ம பிள்ள படம் வரும். ஒட்டுன கைதான, எடுத்துரலாம்ல தாயி?”

“எடுத்துரலாம்,” என்றேன்.

கையை எடுப்பது லேசான வேலை இல்லை. கை இருந்த இடத்துக்குக் கீழே சட்டை என்று ஒன்று படத்தில் கிடையாது. அடுத்த தோளிலிருந்து துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகல் எடுத்து மேலே மூட வேண்டும். மடிப்பு மாறக் கூடாது, நிழல் மாறக் கூடாது. சுண்டு விரலில் ஆரம்பித்தேன். பிறகு மோதிர விரல், நடு விரல். அவர்கள் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வளையலுக்கு வந்தபோது கொஞ்சம் நேரம் ஆனது, கவரிங் பளபளப்பு துணியில் ஏறியிருந்தது. அந்த வளையலைத்தான் அன்றைக்கும் நான் போட்டிருந்தேன். மவுஸ் பிடித்திருந்ததும் அந்தக் கைதான். ஸ்கிரீனுக்கு ஒரு முழம் இந்தப் பக்கம், மேஜை மேல், எல்லார் கண்ணுக்கும் முன்னால் அது அசைந்துகொண்டிருந்தது. மெஷின்காரர் மட்டும் வெளியே போய்விட்டார்.

“இப்பத்தான் நல்லா இருக்கு,” என்றார் அந்த அம்மா. “கை இருந்த தடமே தெரியல.”

நானும் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான், தடமே இல்லை. சேவ் செய்தேன்.